எதற்கும் தடை சொல்லாத மொழி

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு தமிழ் இணையதளங்களைப் படித்துப் பழகியவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. செய்திச் சுருக்கம் மூன்று வரி ஓடும். கடைசிச் சொல் பாதியில் அறுந்திருக்கும். அறுந்த இடத்தில் ஒரு கருப்பு வைரம், அதற்குள் ஒரு கேள்விக்குறி. தமிழில் அப்படி ஓர் எழுத்து கிடையாது. அந்த எழுத்தை உடைத்தது யார் என்று தேடிப் போனால், பல தளங்களில் சர்வருக்குள் இருக்கும் பிஎச்பி என்ற ஸ்கிரிப்ட் மொழியிடம் போய் நிற்போம்.

'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். யூனிகோடின் கணக்கில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இணையத்தில் பயணிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும் என்பதால், அதுவே 15 பைட் ஆகிறது. பிஎச்பியில் நீளம் அளக்கும் அடிப்படை ஃபங்ஷனிடம் 'தமிழ்' எவ்வளவு நீளம் என்று கேட்டால் 15 என்று பதில் வரும். முதல் நூறு எழுத்தை வெட்டிக் கொடு என்றால் முதல் நூறு பைட்டை வெட்டிக் கொடுக்கும். இடைவெளியே இல்லாத தமிழ் வரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூறு மூன்றால் வகுபடாது. 33 குறிகள் முழுதாக வரும், 34ஆவது குறியின் மூன்றில் ஒரு துண்டு மட்டும் வரும். அந்தத் துண்டைப் படிக்கத் தெரியாமல் பிரவுசர் போடும் அடையாளம்தான் அந்த வைரம்.

கத்தி எழுத்தின் நடுவில் விழுகிறது என்று பிஎச்பி எச்சரிக்கவில்லை. பிழை என்று சொல்லி வேலையை நிறுத்தவும் இல்லை. கேட்டதை வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. இந்தக் குணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மொழியால் கிடைத்த நன்மைகளும் அதனால் வந்த கேடுகளும் பெரும்பாலும் இந்த ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது என் எண்ணம்.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் கிரீன்லாந்தில் பிறந்து, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். 1994இல் தன் தன்விவரக் குறிப்பை இணையத்தில் போட்டிருந்தார். அதை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள சி மொழியில் சில சிறு நிரல்களை எழுதினார். அவற்றுக்கு 'பெர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்' என்று பெயர் வைத்து, 1995 ஜூனில் மூல நிரலோடு பொதுவில் விட்டார். பிஎச்பி என்ற மூன்றெழுத்து அப்படி வந்ததுதான். ஒரு நிரல்மொழியை உருவாக்கும் எண்ணமே தனக்கு இருந்ததில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தேவைக்கு ஒன்று சேர்த்தார், இன்னொருவர் கேட்டதற்கு இன்னொன்று சேர்த்தார். 1997இல் இஸ்ரேலின் டெக்னியான் கல்லூரி மாணவர்கள் இருவர், ஆண்டி குட்மன்ஸும் ஸீவ் சுராஸ்கியும், அதன் உள்ளுறுப்பை அடியிலிருந்து திருப்பி எழுதினார்கள். 1998இல் வந்த மூன்றாம் பதிப்புதான் இன்று நாம் காணும் பிஎச்பியின் உருவம். அந்த இருவரின் கைத்தடம் நெடுங்காலம் பிழைச்செய்தியிலும் இருந்தது. இரண்டு முக்காற்புள்ளிகளை இடம் மாற்றிப் போட்டால் 'பாமாயிம் நெகுடோதாயிம்' என்ற சொல்லோடு ஒரு செய்தி வந்தது. எபிரேய மொழியில் 'இரட்டை முக்காற்புள்ளி' என்று பொருள். உலகெங்கும் எத்தனையோ மாணவர்கள் அதைப் படித்துவிட்டு, கணினிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருக்கிறார்கள்.

இது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பு ஒரு வலைப்பக்கம் எப்படித் தயாரானது என்று பார்க்க வேண்டும். பெர்ல் மொழியிலோ சி மொழியிலோ ஒரு நிரல் எழுதி, அதிலிருந்து பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் அச்சிட்டு வெளியே தள்ள வேண்டும். நிரல்தான் முதலாளி, பக்கம் அதன் விளைபொருள். பிஎச்பி இதைத் தலைகீழாக்கியது. பக்கம் முதலில் இருக்கும், நடுநடுவே ஓட்டைகள் இருக்கும், அந்த ஓட்டைகளில் மட்டும் நிரல் இருக்கும். அச்சடித்த படிவத்தில் பெயருக்கும் தேதிக்கும் கோடு விட்டு வைப்பதைப் போல. வடிவமைப்பு மட்டும் தெரிந்த ஒருவர் தன் பக்கத்தைத் திறந்து, 'இந்த இடத்தில் இன்றைய தேதி' என்று ஒரு துணுக்கைச் செருகினால் போதும். கோப்பைச் சேமித்து, சர்வருக்கு அனுப்பி, பிரவுசரைப் புதுப்பித்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். தொகுத்தல் கிடையாது, நிறுத்தித் தொடங்குதல் கிடையாது. இப்போது நினைத்தாலும் எனக்கு அது பெரிய விடுதலையாகத்தான் தோன்றுகிறது. நிரலர் என்ற பட்டம் இல்லாதவர்களுக்கு இணையத்தின் கதவைத் திறந்துவிட்ட மொழி இது.

பிஎச்பி வேலை செய்யும் முறையை வாழையிலைப் பந்தியோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். ஒருவர் வந்து உட்காருகிறார். புது இலை போடுகிறோம், பரிமாறுகிறோம், அவர் எழுந்ததும் இலையை எடுத்துப் போட்டுவிடுகிறோம். அடுத்தவருக்கு அடுத்த இலை. பிஎச்பியில் ஒரு வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்டதும் நிரல் வெறும் நினைவகத்தோடு தொடங்குகிறது. பக்கத்தைக் கட்டுகிறது, அனுப்புகிறது, எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. முந்தைய வாசகரைப் பற்றி அதற்கு எந்த நினைவும் இல்லை. நினைவில் வைக்க வேண்டியது எதுவானாலும் அது உள்ளே சமையலறையில், அதாவது டேட்டாபேஸில் இருக்க வேண்டும். ஜாவா போன்ற மொழிகளிலும் நோட் ஜேஎஸ்ஸிலும் எழுதும் சர்வர்கள் பாத்திரம் கழுவி மறுபடி பரிமாறும் உணவகம் மாதிரி. ஒரே நிரல் நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு பாத்திரம் சரியாகக் கழுவப்படாவிட்டால் அழுக்கு அடுத்தவர் தட்டுக்குப் போகும். நினைவகம் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் மூன்றாம் நாள் சர்வரே படுத்துவிடும். பிஎச்பியில் ஒருவர் எவ்வளவு அலட்சியமாக எழுதினாலும் அந்தக் கேடு அந்த ஒரு பக்கத்தோடு முடிந்துவிடும். ஒரு பக்கம் உடைந்து விழுந்தாலும் பக்கத்துத் தளம் அசையாது.

மலிவான ஹோஸ்டிங் தொழில் பிறந்ததற்கு இந்த ஒரு குணம் பெரிய காரணம். ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைத்து, குறைந்த வாடகைக்கு விட முடிந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு தளம் கிட்டத்தட்ட எதையுமே செலவழிக்காது. ஊர் நூலகம், பள்ளி, சிற்றிதழ், சின்னக் கடை என்று பெரிய முதல் இல்லாதவர்கள் இணையத்துக்கு வந்தது இந்த வழியில்தான். 2003 மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் வெளியிட்ட வேர்ட்பிரஸ் இந்த வாடகை வீடுகளில் வளர்ந்தது. இன்று உலக இணையதளங்களில் பத்தில் நான்குக்கும் மேல் அதில்தான் நடக்கின்றன. விக்கிப்பீடியா முதலில் பெர்லில் எழுதிய மென்பொருளில் ஓடியது. 2002 ஜனவரியில் மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய மாணவர் பிஎச்பியில் எழுதிய மென்பொருளுக்கு மாறியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதன் வழிவந்த மீடியாவிக்கியில்தான் இயங்குகிறது. அதில் நாம் படிக்கும் ஒவ்வொரு தமிழ்க் கட்டுரைக்குப் பின்னாலும் பிஎச்பி இருக்கிறது.

கேடுகளுக்கு வருவோம். அவை சின்னவை அல்ல.

பிஎச்பியின் தொடக்க காலத்தில் ஒரு வசதி இருந்தது. வலைமுகவரியின் வாலில் எந்தப் பெயரை எழுதினாலும் அதே பெயரில் நிரலுக்குள் மதிப்பை வைக்கும் ஒரு மாறி தானாக உருவாகிவிடும். படிவத்தில் 'ஊர்' என்று ஒரு கட்டம் இருந்தால், நிரலில் 'ஊர்' என்ற மாறி தயாராக இருக்கும், வாங்கிப் போட ஒரு வரிகூட எழுத வேண்டாம். புதியவர்களுக்கு இதைவிடக் கருணை என்ன வேண்டும்? ஆனால் நிரலுக்குள் 'அனுமதி' என்று ஒரு மாறி இருந்து, கடவுச்சொல் சரியாக இருந்தால் அதில் 1 வைக்கிறோம் என்று கொள்வோம். அதற்குத் தொடக்க மதிப்பு கொடுக்க மறந்துவிட்டோம். முகவரியின் வாலில் 'அனுமதி=1' என்று தட்டச்சு செய்பவர் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வந்துவிடுவார். எத்தனையோ தளங்கள் இப்படிக் களவு போயின. 2002இல் வந்த 4.2 பதிப்பில் இதை இயல்பாக அணைத்து வைத்தார்கள். அடியோடு எடுத்தது 2012இல், 5.4 பதிப்பில்.

அந்தப் பதிப்போடு போன இன்னொன்று 'மேஜிக் கோட்ஸ்'. படிவத்தில் வரும் மேற்கோள் குறிகளுக்கு முன்னால் தானாகவே ஒரு சாய்கோடு போட்டுவிடும். நோக்கம் நல்லது. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும்போது, பயனர் தந்த சொல்லை அப்படியே ஒட்டி வாக்கியம் அமைத்தால், அவர் ஒரு மேற்கோள் குறியைப் போட்டு நம் வாக்கியத்தை முடித்து, தன் கட்டளையைத் தொடங்க முடியும். எஸ்க்யூஎல் ஊடுருவல் என்று சொல்வது இதைத்தான். அதைச் சாய்கோட்டால் தடுக்கப் பார்த்தார்கள். விளைவு, டி'சூசா என்று பெயர் வைத்தவர் தன் விவரத்தை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் பெயருக்குள் சாய்கோடுகள் பெருகிக்கொண்டே போயின. ஊடுருவலோ முழுதாக நிற்கவில்லை. கேள்வியை ஒரு கையிலும் தரவை மறு கையிலும் தனித்தனியாக அனுப்புவதுதான் சரியான மருந்து. அந்த வழி 2005க்குள்ளேயே பிஎச்பிக்குள் வந்துவிட்டது. ஆனால் பழைய வழியும் பக்கத்திலேயே இருந்தது, அதுதான் சுருக்கமாகவும் இருந்தது. இணையத்தில் இறைந்து கிடந்த பாடங்களும் அதையே கற்றுக்கொடுத்தன. பழைய டேட்டாபேஸ் ஃபங்ஷன்களை 2015இல் ஏழாம் பதிப்பு வந்தபோதுதான் நீக்கினார்கள். அந்தப் பத்தாண்டு இடைவெளியில் எழுதியவற்றில் எவ்வளவோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மதிப்புகளை ஒப்பிடும் விதம் இன்னொரு புதைகுழி. எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடச் சொன்னால், 'இவை வேறு வேறு இனம்' என்று பிஎச்பி மறுக்காது. எழுத்தை எப்படியாவது எண்ணாக மாற்றிப் பார்க்கும். மாற்ற முடியாவிட்டால் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டது. ஆகவே 0 என்ற எண்ணும் 'அம்மா' என்ற சொல்லும் சமமா என்று கேட்டால், 2020 வரை 'ஆம்' என்றுதான் பதில் வந்தது. எட்டாம் பதிப்பு அதைத் திருத்தியது. ஆனால் இரண்டு பக்கமும் எழுத்தாக இருந்து, இரண்டும் எண் போலத் தோன்றினால் இன்றும் அவற்றை எண்ணாகத்தான் ஒப்பிடுகிறது. இதில் ஒரு விபரீதம் உண்டு. கடவுச்சொல்லை மறைக்க ஒரு காலத்தில் பயன்படுத்திய எம்டி5 முறையில் 240610708 என்பதைக் கொடுத்தால், பூச்சியத்தில் தொடங்கி, 'இ' என்ற ஆங்கில எழுத்து வந்து, பிறகு முழுக்க இலக்கங்களாக ஒரு விடை வருகிறது. அறிவியல் முறையில் அதைப் படித்தால் பூச்சியம் பெருக்கல் பத்தின் ஏதோ ஒரு அடுக்கு, அதாவது பூச்சியம். இதே உருவத்தில் விடை தரும் வேறு சொற்களும் உண்டு. அப்படிப்பட்ட இரண்டை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் பிஎச்பிக்கு இரண்டும் ஒன்று. தவறான கடவுச்சொல்லுக்குக் கதவு திறக்கும். மூன்று சமக்குறி போட்டால் எதையும் எண்ணாக மாற்றாமல் இனத்தையும் சேர்த்துப் பார்க்கும், ஆபத்தில்லை. புதிதாகக் கற்பவருக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது மூன்று சமக்குறியைத்தான் என்பேன்.

'தமிழ்நாடு' என்ற சொல்லுக்குள் 'தமிழ்' எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லிப் பாருங்கள். தொடக்கத்திலேயே இருப்பதால் விடை 0. இல்லாவிட்டால் 'பொய்' என்ற மதிப்பு வரும். இரட்டைச் சமக்குறிக்கு 0வும் 'பொய்'யும் ஒன்றே. ஆக, தமிழ்நாட்டில் தமிழ் இல்லை என்று நிரல் முடிவு கட்டிவிடும். 'உள்ளே இருக்கிறதா' என்று மட்டும் கேட்டு ஆம், இல்லை என்று பதில் வாங்கும் நேரான ஃபங்ஷன் 2020இல்தான் வந்தது.

ஃபங்ஷன் பெயர்களின் ஒழுங்கின்மை பற்றி நிறையப் பேர் எரிச்சல்பட்டு எழுதியிருக்கிறார்கள். சிலவற்றில் அடிக்கோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. எழுத்துச்சரத்துக்குள் தேடும்போது தேடும் இடம் முதலில், தேடும் பொருள் பிறகு. பட்டியலுக்குள் தேடும்போது அது மாறிவிடும். இதற்கு ஒரு காரணத்தை லெர்டார்ஃபே 2013இல் விளக்கினார். ஆரம்பத்தில் ஃபங்ஷன்களின் எண்ணிக்கை நூற்றுக்கும் குறைவு. கேட்ட பெயரை விரைவாகக் கண்டுபிடிக்க, பெயரின் நீளத்தை வைத்து அவற்றைப் பெட்டிகளில் பிரித்து வைத்திருந்தார். தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாக அறைகளில் போடுவது போல. ஒரே நீளத்தில் நிறையப் பெயர்கள் சேர்ந்துவிட்டால் அந்தப் பெட்டியில் தேட நேரமாகும். ஆகவே வெவ்வேறு நீளம் வரும்படி பெயர்களைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஏற்பாடு போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெயர்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன, ஏனென்றால் மாற்றினால் கோடிக்கணக்கான பக்கங்கள் உடைந்துவிடும்.

வேகத்தின் கதை கொஞ்சம் வேறு. ஒவ்வொரு பந்திக்கும் புது இலை போடுவதால் தொடக்கச் செலவு ஒவ்வொரு முறையும் உண்டு. நிரலைப் படித்து, பொருள் பிரித்து, உள்கட்டளைகளாக மாற்றிய பிறகுதான் வேலையே தொடங்கும். 2004இல் பிஎச்பியில் பிறந்த ஃபேஸ்புக், சர்வர்களின் எண்ணிக்கை தாங்க முடியாமல் போனபோது, பிஎச்பியை சி++ ஆக மாற்றும் கருவி ஒன்றை எழுதி 2010இல் வெளியிட்டது. பிறகு தனக்கென்று ஓர் இயக்கியும், 2014இல் ஹேக் என்ற கிளைமொழியும் உருவாக்கிக்கொண்டது. அந்தப் போட்டி பிஎச்பிக்கே நல்லதாயிற்று. மாற்றிய கட்டளைகளைச் சேமித்து வைக்கும் ஓபிகேஷ் 2013இல் மொழியோடே சேர்ந்து வந்தது. 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பில் ஒவ்வொரு மதிப்பையும் நினைவகத்தில் வைக்கும் பெட்டியை 24 பைட்டிலிருந்து 16 ஆகச் சுருக்கினார்கள். கேட்கும்போது அற்பமாகத் தெரியும் அந்த மாற்றத்தாலும் அதோடு செய்த மற்றவற்றாலும் பல தளங்கள் ஏறக்குறைய இரு மடங்கு வேகம் பெற்றன. ஃபேஸ்புக்கின் இயக்கிக்கு 2014இல் மாறியிருந்த விக்கிப்பீடியா, 2019இல் பிஎச்பிக்கே திரும்பி வந்துவிட்டது.

என்றாலும் இலை இலைதான். கிரிக்கெட் ஸ்கோரை நொடிக்கு நொடி தள்ளும் பக்கம், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உரையாடும் அறை போன்றவற்றுக்கு இணைப்பு அறுபடாமல் நீடிக்க வேண்டும். எழுந்ததும் இலையை எடுத்துவிடும் பந்தியில் அது நடக்காது. பிஎச்பியிலும் இதற்குத் துணைக்கருவிகள் உண்டு, ஆனால் அங்கே நோட் ஜேஎஸ்ஸோ கோ மொழியோதான் இயல்பாகப் பொருந்தும். எண்களோடு மல்லுக்கட்டும் ஆய்வு வேலைக்குப் பைதான் இருக்கிறது. செய்தித்தளம், கடை, நூலகப் பட்டியல், அலுவலகப் படிவம் என்று 'வந்தார், பார்த்தார், போனார்' வகை வேலைகளுக்கு மட்டும் கேட்டால், சிறிய குழுவுக்கு நான் இன்றும் பிஎச்பியைத்தான் சொல்வேன். 2011இல் தொடங்கிய லாராவெல் என்ற நிரல் சட்டகம், 2012இல் வந்த, நிரல் நூலகங்களைச் சேர்த்துத் தரும் கம்போசர் என்ற கருவி இரண்டும் இதை ஒழுங்கோடு எழுத வழி செய்துவிட்டன. ஒரு நிபந்தனை உண்டு. 2010க்கு முந்தைய பாடம் எதையும் கையில் எடுக்கக் கூடாது.

மொழியை யார் பேணுகிறார்கள் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். 2021 மார்ச்சில் பிஎச்பியின் மூல நிரலுக்குள் யாரோ, லெர்டார்ஃப் பெயரிலும் மொழியின் முதன்மை நிரலர்களில் ஒருவரான நிகிதா போபோவ் பெயரிலும் பின்வாசல் வரிகளைச் சேர்த்தார்கள். சில மணி நேரத்தில் மற்றவர்கள் கண்டுபிடித்து நீக்கியதால் தப்பியது. அந்த ஆண்டு நவம்பரில் போபோவ் வேறு பணிக்குப் போவதாக அறிவித்தபோதுதான், இவ்வளவு பெரிய இணையம் எவ்வளவு குறைந்த தோள்களில் நின்றது என்பது எல்லோருக்கும் உறைத்தது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க பிஎச்பி ஃபவுண்டேஷன் அப்போது தொடங்கப்பட்டது.

தமிழ் எழுத்து உடையும் கதை இன்னும் முடியவில்லை. மொழிக்குள்ளேயே யூனிகோடைக் கொண்டுவர 2005 வாக்கில் ஆறாம் பதிப்பைத் தொடங்கினார்கள். உள்ளே யூடிஎஃப்-16, வெளியே யூடிஎஃப்-8 என்று ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. வேகம் குறைந்தது, வேலை செய்ய ஆளும் குறைந்தது. 2010இல் கைவிட்டார்கள். அதற்குள் பிஎச்பி 6 பற்றிப் புத்தகங்களே அச்சாகிவிட்டன. அந்தக் குழப்பம் வேண்டாம் என்று அடுத்ததற்கு ஏழு என்று பெயரிட்டார்கள். அதனால் இன்றும் அடிப்படை ஃபங்ஷன்களுக்குத் தெரிந்தது பைட் மட்டுமே. பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அங்கே ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, வ-வுக்கு முன்பே ழ. அகராதி வரிசை வேண்டுமானால் இன்டல் என்ற நீட்சியைத் தனியாக நிறுவ வேண்டும், மலிவு ஹோஸ்டிங்கில் அது இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே பைட் பார்வைக்கு எதிர்பாராத இன்னொரு பக்கமும் உண்டு. 127க்கு மேல் உள்ள எந்தப் பைட்டையும் மாறியின் பெயரில் பிஎச்பி ஏற்றுக்கொள்ளும், அது என்ன எழுத்து என்று கேட்பதே இல்லை. ஆகவே 'பெயர்', 'ஊர்', 'வயது' என்று தமிழிலேயே மாறிகளுக்குப் பெயர் வைத்து எழுதலாம், தொடக்க காலப் பதிப்புகளிலேயே அது நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தரும் யாரும் இதை ஒருமுறை செய்து காட்ட வேண்டும். தன் ஊர்ப்பெயர் திரையில் நிரலாக ஓடுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகவாவது.

2024 நவம்பரில் 8.4 பதிப்பு வந்தது. அதில் ஒரு சொல்லைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் ஒன்று இன்டல் நீட்சியில் சேர்ந்திருக்கிறது. 'தமிழ்' என்று கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகத் திருப்பித் தருகிறது.